மூன்று இடம் பிடிக்கும் எழுத்து

வந்துவிட்டது. காலை பத்தேகால் மணிக்கு, மணல்துறைப் பங்கு மண்டபத்தின் பக்கத்து அறையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த விண்ணரசி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மடிக்கணினியில் வந்தது பெரிதில்லை, அது அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிராணி. கைபேசியில் வந்துவிட்டது, இந்த ஊரில் எல்லார் கையிலும் இருக்கிற மாதிரி கண்ணாடி கீறின ஒரு கைபேசியில், முகவரியைத் தட்டியதும் வெள்ளைப் பக்கம் விரிந்து, மேலே 'நம் படகுகள்' என்று தலைப்பு வந்து, அதன் கீழே அடைக்கல மாதா, ரத்னகிரி, பதினோரு பேர், நலம், அந்தோணியார், ரத்னகிரி, பத்து பேர், நலம், அமலி, கொச்சி, ஏழு பேர், நலம் என்று வரிவரியாக இறங்கியது. எங்கோ மும்பைப் பக்கம் ஒரு கட்டடத்துக்குள் குளிரில் இருக்கிற சர்வரும், இரண்டு நாளாகத் தூக்கம் கெட்டு அவள் எழுதிய அப்ளிகேஷனும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. இதுவரை இந்த அறைக்கு மட்டும் தெரிந்தது இனி மணல்துறையோடு சேர்த்து ஆறு கடற்கரை ஊருக்கும் தெரியும். பின்னால், சுவரோரமாக வயர்லெஸ் பெட்டியின் முன்னால் லீலாக்காவின் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. "வியாகுல மாதா, வியாகுல மாதா, மணல்துறை கூப்பிடுது, கேக்குதா, ஓவர்." பதிலாக இரைச்சல். மறுபடியும் வியாகுல மாதா. மூன்று நாளாக லீலாக்கா இப்படித்தான் கூப்பிடுகிறாள், கூப்பிட்டுக் கிடைத்ததையும் துறைமுகங்களில் இருந்து போனில் வந்ததையும் முதலில் நோட்டில் எழுதி, பிறகு ஒற்றை விரலால் தமிழில் தட்டி ஏற்றுகிறாள். அரபிக்கடலில் புயல் திரும்பிய அன்று கடலில் இருந்தவை நூற்றுப்பன்னிரண்டு படகுகள். நூற்றுப்பன்னிரண்டு பெயரையும் விண்ணரசி இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

எல்லாம் அந்தச் சின்ன லைப்ரரியால், யாரோ எழுதி எல்லாருக்கும் பொதுவில் வைத்த அந்த நிரல் துண்டால் வந்தது என்று நினைத்தாள், நினைத்ததும் ஒரு மரியாதை மேலே எழுந்தது, நல்ல கைராசியுள்ள தாதியை நினைத்தால் எழுமே அதுபோல. சர்வர் வாசலில் நிற்கிற ஆள், யார் தட்டினாலும் எழுந்து போய்த் திறக்கும், ஆயிரம் பேர் ஒன்றாகத் தட்டினாலும் பதறாது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் அதற்குத் தெரியாது. பதில் தெரிந்தது அவளுடைய அப்ளிகேஷனுக்கு, அதுவோ உள்ளறையை விட்டு வெளியே வராத சுபாவம், வாசல் எந்தப் பக்கம் என்றுகூட அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் பொதுவாகப் பேச ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் நின்று, வாசலில் வந்த கேள்வியை வாங்கி, அப்ளிகேஷனுக்குப் புரிகிற விதமாகக் கொடுத்து, அது சொன்னதை வாங்கிச் சர்வரிடம் சேர்ப்பதற்கு ஒருவர் எழுதிவைத்த ஹேண்ட்லர் அது. முந்நூறு வரி இருக்கலாம். சென்னைக் கம்பெனியில் இருந்த ஒன்பது வருடமும் இதைப் பயன்படுத்தியிருக்கிறாள், உள்ளே திறந்து பார்த்ததே இல்லை, யார் எழுதியது என்று கேட்டதும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, குழாய் போட்டவர் பெயரை யார் கேட்டார்கள். காலையில் ஒரு தடவை பெயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டாள், அப்ளிகேஷன் இருக்கிற கோப்பின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று, அதற்கு அந்த ஹேண்ட்லர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல், இந்தப் பெயரில் எதுவும் இல்லை, இதற்குப் பக்கத்தில் இன்ன பெயரில் ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்கிறாயா என்று கேட்டது. சென்னையில் அவளுடைய மேலதிகாரி ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

பங்குத்தந்தையிடம் முகவரியைக் கொடுத்துவிட்டாள், அவர் ஆறு ஊர் வாட்ஸப் குழுக்களிலும் போட்டுவிட்டார், இந்நேரம் ஒவ்வொரு வாசற்படியிலும் ஒரு கைபேசியைச் சுற்றி நான்கு தலை குனிந்திருக்கும். குனியட்டும். எட்டு வருடத்துக்கு முந்தின புயலில் இப்படிக் குனிந்து பார்க்க ஒன்றும் இல்லாமல், கோவில் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டு அட்டையைத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், அதிலும் மழை அடித்து மை இறங்கி, அவளுடைய அப்பாவின் படகுப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு கோடு வழிந்திருந்தது. அவள் சென்னையில் இருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அம்மா அந்த அட்டைக்கு முன்னால் மூன்றாம் நாளாக நின்றுகொண்டிருந்தாள், தலையில் போட்ட துண்டில் இருந்து தண்ணீர் சொட்ட. ஒன்பதாம் நாள் பூசை வைத்தார்கள். படத்துக்கு மாலை போட்டார்கள். பதினோராம் நாள் அப்பா சூசைமரியான், லட்சத்தீவில் யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் வந்து இறங்கி, நேராக உள்ளே வந்து மாலையோடு தன் படத்தைப் பார்த்து, "இந்தப் படத்துல எனக்க மூக்கு கோணலால்லா இருக்கு, வேற ஒண்ணும் கிடைக்கல்லியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, படகு தீவில் ஒதுங்கியதாக நான்காம் நாளே போன் வந்திருந்தது. போனை எடுத்தவர், படகின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார், அடுத்த போன் அடித்திருக்கிறது, அதற்கடுத்தது அடித்திருக்கிறது, சட்டை சலவைக்குப் போய்விட்டது. செய்தி கடலைத் தாண்டி வந்தது, சட்டைப்பையைத் தாண்டவில்லை. அப்பா இன்றுவரை அது யாருடைய சட்டை என்று கேட்டதில்லை. அம்மா அன்றிலிருந்து அப்பாவின் காலில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். வீட்டுக்கு வந்த மனிதர் வந்தவர்தானா என்று, செய்தி சட்டைப்பையில் கிடந்த அந்த ஏழு நாளின் சந்தேகம் எட்டு வருடமாகியும் அவளுக்குத் தீரவில்லை.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம். முதலில் காற்று என்று நினைத்தாள். காற்றுக்கு வார்த்தை கிடையாதே. "எங்களுக்க படகு இல்ல! அம்பத்தொண்ணு இருக்கு, எங்களுக்கது இல்ல! லூர்து அன்னை இல்ல!" மேரிப்பாக்கியத்தின் குரல், மீன் ஏலத்தில் ஊர் முழுக்கக் கேட்கிற குரல், இப்போது நடுவில் உடைந்து உடைந்து. லூர்து அன்னை இருக்கிறதே. ஒன்பது பேர், ரத்னகிரி, லீலாக்கா நேற்று மத்தியானம் தட்டி ஏற்றியபோது விண்ணரசி பக்கத்தில்தானே நின்றாள். ஏன் ஐம்பத்தொன்று? கைபேசியை எடுத்து விரலால் கீழே தள்ளினாள், தள்ளத் தள்ள வந்தது, கடல் ராணி வந்தது, குழந்தை இயேசு வந்தது, பிறகு 'சகா' என்று ஒரு வரி தொடங்கி, சகாய மாதா என்று முடிய வேண்டியது, 'சகா'வுக்குப் பக்கத்தில் கறுப்பு வைரம் போல ஒரு கட்டத்துக்குள் கேள்விக்குறி, அதற்குக் கீழே வெள்ளை. வெறும் வெள்ளை. தொட்டிலில் கைவைத்துப் பிள்ளை இல்லாததைத் தொட்டதுபோல இருந்தது. மேலே இருந்த பத்து வரியைப் பார்த்து வந்துவிட்டது வந்துவிட்டது என்று கொண்டாடினாயே, கடைசி வரைக்கும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தாயா. ச, ஜ, த, ந, ப, ம, ய, ர, ல, வ. இந்த எழுத்துகளில் பெயர் தொடங்குகிற அறுபது படகுகளின் வீடுகளில் இப்போது என்ன நடக்கிறது. சட்டைப்பை. இந்தத் தடவை சட்டைப்பை அவளுடையது.

"என்னா பிள்ளே?" என்றாள் லீலாக்கா, மைக்கில் இருந்து கையை எடுக்காமல். "பாதிதான் போயிருக்கு லீலாக்கா. மீதி அறுந்துபோச்சு. லூர்து அன்னைய நீங்கதான் அடிச்சிய, உள்ள பத்திரமா இருக்கு, ஆனா அவியளுக்குத் தெரியல்ல." லீலாக்கா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "அப்போ போயி சொல்லு. என்னால இத விட்டு எழும்ப முடியாது. இந்தா நோட்டு." விண்ணரசி முதலில் பக்கத்தை இறக்கினாள், அந்த இடத்தில், அப்ளிகேஷன் வழியாக இல்லாமல் நேராகச் சர்வரில், 'பட்டியல் முழுமையாக இல்லை. உங்கள் படகு இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். சிறிது நேரத்தில் முழுப் பட்டியலும் வரும்' என்று ஒற்றை வரியைப் போட்டாள், அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள், பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். மண்டபத்து வாசலில் நாற்பது பேர் இருக்கலாம், பெண்கள், வயதானவர்கள், புடவைத் தலைப்பைக் காற்று பிடுங்கிக்கொண்டிருந்தது. என்ன சொல்வது, சர்வர் என்றும் ஹேண்ட்லர் என்றும் சொல்வதா, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வதா என்று ஓடும்போதே மனசு வழி தேடியது, தேடியதைக் கண்டு அவளுக்கே வெட்கமாயிற்று. "நான் ஏத்தின பட்டியல் பாதியில அறுந்துபோச்சு. தப்பு எனக்கதுதான்," என்றாள். "லூர்து அன்னை ரத்னகிரியில இருக்கு. ஒம்பது பேரும் நல்லா இருக்காவ." மேரிப்பாக்கியம் அவளையே பார்த்தாள். "சத்தியமாட்டா?" "நோட்டுல இருக்கு, பாருங்கோ." பார்க்கவில்லை, அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்து, பக்கத்தில் யாருடைய காலோ அதைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் எங்களது, எங்களது என்று ஒரே நேரத்தில் பெயர்களைச் சொன்னார்கள். நோட்டைப் பள்ளிக்கூட டீச்சர் பாமா வாங்கிச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். கூட்டத்தின் ஓரத்தில் பெல்சி நின்றாள், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் புருஷன் போன படகு வியாகுல மாதா. நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பது விண்ணரசிக்குத் தெரியும், பெல்சிக்கும் தெரியும் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

இங்கே சத்தம் போட்டு வாசித்துவிடலாம், மீதி ஐந்து ஊருக்கு யார் வாசிப்பது, பக்கம் போக வேண்டும், போயே ஆக வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்குக் கோபம் வந்தது, ஹேண்ட்லர் மேல், நடுவில் நிற்கிறவன்தானே தின்றிருப்பான். முதல் முறையாக அதை உள்ளே திறந்தாள், குற்றவாளியின் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. நுழைந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன இடம், எதற்கும் அதன் பெயரே பெயர், தேவையில்லாத ஒரு சொல் கிடையாது, எங்கெல்லாம் வழுக்குமோ அங்கெல்லாம் ஒரு குறிப்பு, பின்னால் வருகிறவள் எவளோ அவளை நினைத்து எழுதினது. எழுதினவர் பெயர் மார்த்தா ஹோல்ம் என்று மேலே இருந்தது, ஊர் தெரியாது, வயது தெரியாது, குறிப்புகளை வாசிக்கும்போது மூக்குக்கண்ணாடியும் சிரிப்பும் உள்ள ஒரு ஆள் தெரிந்தது. வேலையாக வந்ததை மறந்து ரசித்துக்கொண்டிருந்தாள், வெளியே பாமா டீச்சரின் குரல் தேவ ரகசியம், கொச்சி, எட்டுப் பேர் என்றதும் திடுக்கிட்டாள். எங்கே அறுபடுகிறது. எதையும் வெட்டுகிற வரி ஒன்றுகூட இதில் இல்லையே. அந்தக் கறுப்புக் கட்டத்தை மறுபடி பார்த்தாள். சகா, அப்புறம் கேள்விக்குறி. ய வர வேண்டிய இடம். வரி முழுதாகப் போயிருந்தால் சரி, பெயர் முழுதாகப் போயிருந்தாலும் சரி, ஓர் எழுத்து எப்படிப் பாதியில் அறுபடும்? எழுத்து எழுத்தாக எண்ணி வெட்டியிருந்தால் ய இருக்கும் அல்லது இருக்காது. உடைந்த ய எங்கிருந்து வரும்? உடைய வேண்டுமானால் அதற்குள் துண்டுகள் இருக்க வேண்டும். இருக்கிறதே. ஆங்கில எழுத்து ஒரு பைட்டு, ஓர் இடத்தில் உட்காரும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம் வேண்டும். கல்லூரியில் படித்தது, பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியது, இந்த அறையில் இந்தக் காலையில் அவளுக்கு எதிரே வந்து நின்றது.

தன் அப்ளிகேஷனைத் திறந்தாள். இருந்தது. அவள் கையால் எழுதிய வரி. பக்கத்தை அனுப்புமுன் இதன் நீளம் இவ்வளவு என்று அவளே எண்ணி, பெருமையாக, முன்கூட்டியே ஹேண்ட்லரிடம் சொல்லியிருந்தாள், எண்ணியது எழுத்துகளை. கம்பெனியில் ஒன்பது வருடம் எண்ணிய பழக்கம், சோதனைக்கு அவள் போட்ட படகுப் பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில், போட் ஒன், போட் டூ, அதில் எழுத்தும் இடமும் ஒன்றுதான், தப்புத் தெரியவே வழியில்லை. ஹேண்ட்லர் அவள் சொன்னதை நம்பியது. சர்வர் ஹேண்ட்லரை நம்பியது. அத்தனை இடம் நிரம்பியதும், சொன்னது முடிந்தது என்று கதவைச் சாத்தியது. யாரும் பொய் சொல்லவில்லை, அவளைத் தவிர. ஹேண்ட்லரில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாள், மார்த்தா ஹோல்மின் குறிப்பு அங்கே இருந்தது: நீளம் சொல்லப்பட்டிருந்தால் நம்புகிறேன், சொல்பவருக்குத் தெரியும் என்று. சொல்லப்படாவிட்டால் நானே எண்ணிக்கொள்கிறேன், எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. அதற்குக் கீழே இன்னொன்று, பழைய தேதியில்: முதல் பதிப்பில் நானும் எழுத்துகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் மொழியில் அது அநேகமாகப் போதும். உலகத்தில் பெரும்பாலானவர்களுக்குப் போதாது என்று உலான்பாத்தர் நகரத்தில் இருந்து எழுதிச் சொன்ன ஒயூனுக்கு நன்றி, அவளுடைய நூலகத்தின் புத்தகப் பட்டியல் என்னால் மூன்று வாரம் பாதியாக இருந்தது, அதற்கு என் வருத்தம். விண்ணரசி அந்த வரிகளை இரண்டு தரம் வாசித்தாள். பெயர் சொல்லி நன்றி, பெயர் சொல்லி வருத்தம், உலகம் முழுக்கத் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில், யாரும் கேட்காமலே. அவளுக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்திலும் ஒரு மனிதர் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. கண் கரித்தது, கரிக்க இது நேரமில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான், எதையும் சேர்க்க வேண்டியதில்லை. தன்னுடைய அந்த வரியை அழித்தாள். ஒற்றை வரி அறிவிப்பை எடுத்துவிட்டு, ஹேண்ட்லரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். மனதுக்குள் மார்த்தா, நீயே எண்ணிக்கொள் தாயே என்றாள்.

இந்தத் தடவை மேலே பார்க்கவில்லை. கைபேசியை எடுத்து நேரே அடிக்குப் போனாள், விரல் வலிக்கத் தள்ளினாள், வேளாங்கண்ணி, வெராவல், ஆறு பேர், நலம் என்று கடைசி வரி வந்து நின்றது, அதற்குக் கீழே நூற்றுப்பன்னிரண்டு என்று எண். மேலே ஏறினாள், சகாய மாதா முழுதாக இருந்தாள், லூர்து அன்னை இருந்தாள். நூற்றெட்டுப் படகுகள் கரையில். நான்குக்கு எதிரே 'இன்னும் தொடர்பு இல்லை': ஜோசப் ராஜா, தெக்லா, தேவசகாயம், வியாகுல மாதா. இந்த நான்கையும் எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று ஒருவர் கேட்டார், பார்க்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. லீலாக்காதான் வேண்டாம் என்றாள், பேரு இருந்தாத்தான் தேடுறோம்னு அவியளுக்குத் தெரியும் என்றாள். விண்ணரசி பங்குத்தந்தைக்குப் போன் போட்டு மறுபடி அனுப்பச் சொன்னாள், மன்னிப்பையும் சேர்த்து அனுப்பச் சொன்னாள், தன் பெயரைப் போட்டே. ஐந்து நிமிடத்தில் பக்கத்து ஊரில் எங்கோ ஒரு வெடிச் சத்தம் கேட்டது, திருவிழாவுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்ததை எவனோ கொளுத்திவிட்டான். யாருடைய வீடோ, த-வோ ப-வோ ம-வோ.

வாசலில் நிழல் விழுந்தது. பெல்சி. "உள்ள வந்து இருக்கட்டா?" என்று கேட்டாள். லீலாக்கா காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளினாள், பேச முடியவில்லை, மூன்று நாள் கூப்பிட்ட தொண்டை அடைத்துக் காற்றுத்தான் வந்தது. சுக்குத்தண்ணியை ஒரு மடக்கு குடித்துப் பார்த்தாள், பிறகு மைக்கைப் பெல்சியின் கையில் வைத்து, பக்கத்துப் பொத்தானைக் காட்டி, "அமுக்கிட்டுப் பேசு, விட்டுட்டுக் கேளு," என்று கிசுகிசுத்தாள். பெல்சி விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு அமுக்கினாள். "வியாகுல மாதா, வியாகுல மாதா..." அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நின்று, "நான் பெல்சி," என்றாள். இரைச்சல். "நான் பெல்சி பேசுதேன். கேக்குதா?" இரைச்சல். விண்ணரசிக்குக் கேட்கக்கூடாத எதையோ ஒளிந்திருந்து கேட்பதுபோல இருந்தது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, இரைச்சலுக்கு அடியில் இருந்து, கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஒரு ஆண்குரல். "மணல்துறை, மணல்துறை, இது ஜோசப் ராஜா. வியாகுல மாதாவுக்க எஞ்சின் போச்சு, வயர்லெஸ்ஸும் நனைஞ்சுபோச்சு. நாங்க கயிறு கெட்டி இழுத்துட்டு வாரோம். எங்கள்ல ஒம்பது, அவியள்ல எட்டு, எல்லாரும் இருக்காவ. ராத்திரிக்குள்ள வந்துருவோம். ஓவர்." பெல்சி மைக்கைப் பார்த்தாள், லீலாக்காவைப் பார்த்தாள். லீலாக்கா அவள் தோளைப் பிடித்து ஓசையில்லாமல் அழுதுகொண்டே விண்ணரசியைப் பார்த்துக் கையால் தட்டிக் காட்டினாள், ஏத்து, ஏத்து. ஏற்றினாள். ஜோசப் ராஜா, வியாகுல மாதா, பதினேழு பேர். கைபேசியில் இரண்டு வரிகள் மாறின. வாசலில் நின்றவர்கள் அதற்குள் பார்த்துவிட்டு, ஏ பெல்சி, ஓடி வா, அத்தைக்கிட்ட சொல்லு என்று கத்தினார்கள்.

போய்விடுவாள் என்றுதான் விண்ணரசி நினைத்தாள். யாரும் போவார்கள், அவளே போயிருப்பாள், அப்பா வந்து இறங்கிய அன்று மீதி எத்தனை படகு வரவில்லை என்று அவள் கேட்டாளா, இல்லை, கேட்கவே தோன்றவில்லை, இன்றுவரை அந்த எண் அவளுக்குத் தெரியாது. பெல்சி எழுந்தாள், வாசல் வரை போனாள், "அத்தைக்கிட்ட நீங்களே சொல்லிருங்கோ," என்று யாரிடமோ சொன்னாள். திரும்பி வந்து ஸ்டூலை வயர்லெஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுந்தத் துடைத்தாள். "மீதி ரெண்டு படகு எது, அக்கா?" விண்ணரசி திரையைப் பார்த்து வாசித்தாள். "தெக்லா. தேவசகாயம்." "எந்த ஊரு?" "ரெண்டும் வடக்கு ஊருக்காரங்களுக்கது." "எனக்கு அங்க யாரையும் தெரியாது," என்றாள் பெல்சி, பொத்தானை அமுக்கினாள். "தெக்லா, தெக்லா, மணல்துறை கூப்பிடுது. கேக்குதா. ஓவர்."